வீடு விற்க புரோக்கர் எதற்கு, வழக்கறிஞர் எதற்கு? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலையில் சொத்து வழக்குகளையும் ஆதாரங்களையும் (சொத்துப் பத்திரங்களை இங்கே ஆதாரம் என்போம்) பார்த்து வரும் வழக்கறிஞன் என்ற முறையில், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாமே விற்பவரின் பக்கம் நின்று எழுதியவை. வாங்குபவருக்கும் சில இடங்களில் பயன்படும்.

யார் யார் வேண்டும்? யாருக்கு என்ன வேலை?

நான்கு பேர். புரோக்கர், வாங்குவதற்கு ஆள் கொண்டுவருபவர். ஆவண எழுத்தர், கிரையப் பத்திரத்தை எழுதி, பதிவுத்துறை இணையதளத்தில் ஏற்றி, டோக்கன் எடுத்துத் தருபவர். அதற்கென்று பதிவுத்துறையின் உரிமம் பெற்றவர். வழக்கறிஞர், சொத்து முழுவதும் உங்களுடையதுதானா, இன்னும் யாருடைய கையெழுத்து தேவை என்று பார்த்துச் சொல்லி, ஒப்பந்தத்தையும் கிரையப் பத்திரத்தையும் உங்களுக்குப் பாதகம் வராதபடி வரைந்து தருபவர். நான்காமவர் பவர் ஏஜெண்ட். நீங்கள் நேரில் வர முடியாதபோது உங்களுக்காகக் கையெழுத்திட நீங்களே அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்து நியமிப்பவர்.

புரோக்கருக்கு விற்பனை நடந்தால்தான் பணம். ஆகவே, "இப்போது விற்காதீர்கள், முதலில் இந்தக் குறையைச் சரிசெய்யுங்கள்" என்று அவர் சொல்வார் என எதிர்பார்ப்பது நியாயமல்ல. அதைச் சொல்லத்தான் வழக்கறிஞர். இந்த நான்கு வேலைகளில் இரண்டு ஒரே ஆளிடம் போய்ச் சேரும்போதுதான் பெரும்பாலான வழக்குகள் பிறக்கின்றன.

புரோக்கர் இல்லாமல் விற்க முடியாதா?

தாராளமாக முடியும். சட்டம் எங்கும் புரோக்கரைக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரோ உறவினரோ வாங்குவதாக இருந்தால் அவர் தேவையே இல்லை.

ஆனாலும் நல்ல புரோக்கரை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். எந்த ஊரில் சென்ட் என்ன விலைக்குக் கைமாறியது, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்களில் யார் இடம் தேடுகிறார், யார் சும்மா விலை கேட்டு அலைகிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை இணையத்தில் யாரும் பார்த்துவிடலாம். உண்மையான விலை பதிவு அலுவலகத்துக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில்தான் தெரியும். விலை பேசும்போது இரு தரப்புக்கும் இடையே நின்று கோபத்தைத் தாங்கிக்கொள்வதும் அவரே. அதற்குக் கொடுக்கும் கூலி வீணில்லை.

கமிஷன் எவ்வளவு? எப்போது கொடுக்க வேண்டும்?

சட்டம் எந்த விகிதத்தையும் நிர்ணயிக்கவில்லை. விற்பவரிடம் ஒரு சதவீதம் அல்லது இரண்டு, வாங்குபவரிடம் அதேபோல என்று பேசிக்கொள்வது வழக்கம். இரு பக்கமும் வாங்குகிறாரா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். சதவீதம் எந்தத் தொகையின் மேல், ஒப்பந்தம் போட்டுக் கிரையம் நடக்காமல் போனால் ஏதாவது உண்டா, மூன்று புரோக்கர்கள் சேர்ந்து வந்தால் யாருக்கு என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். முழுக் கமிஷனும் பதிவு முடிந்த பிறகே. முன்பணம் கேட்பவரை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

புரோக்கர் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டாமா?

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற மனைப்பிரிவிலோ அடுக்குமாடித் திட்டத்திலோ நிறுவனம் விற்கும் மனைகளுக்கும் வீடுகளுக்கும் இடைத்தரகு செய்பவர் ஒழுங்குமுறை ஆணையத்திடம் பதிவு பெற வேண்டும். உங்கள் பழைய ஓட்டு வீட்டையோ சொந்தமாகக் கட்டிய மாடி வீட்டையோ விற்க உதவும் ஊர்ப் புரோக்கருக்கு அது பொருந்தாது. எனவே அவர் தவறு செய்தால் ஆணையத்தில் புகார் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளும் வழி உங்களுக்கு இல்லை. எழுதி வாங்கச் சொல்வது அதனால்தான்.

ஆவண எழுத்தரே எல்லாம் செய்துவிடுகிறாரே, வழக்கறிஞருக்குத் தனியாக ஏன் பணம்?

ஆவண எழுத்தர் நீங்கள் கொடுக்கும் தாள்களை வைத்து எழுதுகிறார். முன் ஆதாரத்தில் இருக்கும் தவறு புதிய ஆதாரத்துக்கும் அப்படியே குடிபெயர்ந்துவிடும். அந்தத் தாள்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று தேடுவது வேறு வேலை.

ஒரு மாதிரி சொல்கிறேன். ஆதாரத்தில் ஆறரை சென்ட். பட்டாவில் 0.02.43 என்று இருக்கிறது, அதாவது 2.43 ஏர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், சுமார் 2.47 சென்ட். பெருக்கிப் பாருங்கள், ஆறு சென்ட்தான் வருகிறது. அந்த அரை சென்ட் பக்கத்து விளைக்குள் (தோட்ட நிலத்துக்குள்) போய்விட்டதா, பாதைக்கு விட்டதா, அல்லது ஆதாரம் எழுதிய காலத்திலேயே அளக்காமல் எழுதியதா? வாங்குபவரின் வங்கி இதைக் கண்டுபிடித்துக் கடனை நிறுத்தி வைக்கும்போது தெரிந்துகொள்வதைவிட, விலை பேசுவதற்கு முன்பே சர்வேயரை வைத்து அளந்துவிடுவது மேல்.

இரண்டாவது, வழி. நம் மாவட்டத்தில், குறிப்பாகக் கல்குளம், விளவங்கோடு பகுதிகளில், வீடுகள் தெருவாக நெருங்கி நிற்பதில்லை; தென்னந்தோப்புக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் நடுவே சிதறிக் கிடக்கின்றன. பிரதான சாலையிலிருந்து வீட்டுக்கு வரும் நடைபாதை மூன்று பேரின் விளை வழியாக வரும். முப்பது ஆண்டுகளாக நடந்தோம், யாரும் தடுக்கவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அது ஆதாரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா, எத்தனை அடி அகலம், கார் போகலாமா? வாங்க வருபவர் முதலில் கேட்பதும் இதைத்தான். "கார் போகும்" என்று புரோக்கர் வாயால் சொன்னதை நம்பி வாங்கியவர், பக்கத்துக்காரர் வேலி அடைத்ததும் வழக்குப் போடுவது உங்கள் மீதுதான். விற்பவர் தனக்குத் தெரிந்த முக்கியமான குறைகளை மறைக்கக் கூடாது என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது.

மூன்றாவது, மலையாள ஆதாரம். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தவர்கள். தாத்தா காலத்து ஆதாரங்கள் பல மலையாள எழுத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருக்கின்றன. "1110 மேடம்" என்றால் 1935-ஆம் ஆண்டு ஏப்ரல்-மே. அதில் உள்ள பழைய சர்வே எண்ணை இன்றைய மறு அளவை எண்ணோடு சேர்த்துக் காட்ட வேண்டும். சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை இணையத்தில் எடுத்தால், அது அவ்வளவு பின்னால் போவதில்லை. பழையதற்கு மனுப் போட்டுக் கையால் தேடித்தான் எடுக்க வேண்டும். மலையாளம் படிக்கத் தெரிந்த குமாஸ்தாக்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஓர் ஆதாரம் இருந்தால், விற்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் இப்போதே மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா இறந்துவிட்டார். சீதனம் கொடுத்துக் கட்டிக்கொடுத்த அக்காவும் கையெழுத்திட வேண்டுமா?

ஆம். உயில் எதுவும் இல்லையென்றால் கட்டாயம்.

கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்தக் கேள்வி அதிகம் வருகிறது. அதற்குக் காரணம் உண்டு. 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவர் வாரிசுச் சட்டத்தில், மகளுக்கு மகனுடைய பங்கில் நான்கில் ஒரு பகுதி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான். சீதனம் கொடுத்துவிட்டால் அதுவும் இல்லை. ஊர்ப் பேச்சில் இந்தக் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் சட்டம் எப்போதோ போய்விட்டது. மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, 1951 ஏப்ரல் 1 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும். அதன்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு; மீதி, மகன், மகள் என்ற பேதமின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாக.

இந்துக் குடும்பத்தில் அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து என்றால் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் அப்பாவின் தாய் ஆகியோருக்குச் சம பங்கு. முஸ்லிம் குடும்பத்தில் மகளுக்கு மகனுடைய பங்கில் பாதி. மூன்றிலும் மகள் இல்லாமல் கிரையம் முழுமையாகாது.

வழிகள் இரண்டு. எல்லா வாரிசுகளும் சேர்ந்து கிரையம் எழுதிக் கொடுப்பது ஒன்று. சகோதரிகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவு செய்து தந்த பிறகு நீங்கள் தனியாக விற்பது மற்றொன்று. எதுவானாலும் வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். வாரிசுகளில் மைனர் இருந்தால் அந்தப் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம். அதற்கு மாதங்கள் ஆகும். "அக்கா ஒன்றும் சொல்ல மாட்டார், எழுதிவிடலாம்" என்று புரோக்கர் சொன்னால், அக்காவின் பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்று அவரிடமே கேளுங்கள்.

வாங்குபவரின் வழக்கறிஞரே எனக்கும் பார்த்தால் செலவு மிச்சமாகாதா?

மிச்சமாகும். ஆனால் அவர் அவருடைய கட்சிக்காரருக்குக் கடமைப்பட்டவர். "பின்னால் எந்தச் சிக்கல் வந்தாலும் விற்றவர் தன் சொந்தப் பொறுப்பில் தீர்த்துத் தர வேண்டும்" என்ற வரியை அவர் எவ்வளவு அகலமாக எழுதுகிறாரோ அவ்வளவும் உங்கள் தலையில். குறைந்தபட்சம் வரைவை மட்டுமாவது உங்கள் வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். கட்டணத்தை வேலைக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள். விற்பனை விலையில் சதவீதம் கேட்கும் வழக்கறிஞர், புரோக்கரைப் போலவே விற்பனை நடந்தாக வேண்டும் என்ற நிலைக்கு வந்துவிடுகிறார்.

புரோக்கர் தன் பெயரிலேயே விற்பனை ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறேன் என்கிறார். சரியா?

இதைத்தான் நான் அதிகம் எச்சரிப்பேன். ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ முன்பணம் கொடுத்து, ஆறு மாதமோ பதினொரு மாதமோ தவணை வைத்து, "நானோ நான் காட்டும் நபரோ கிரையம் பெறலாம்" என்று எழுதிக்கொள்கிறார். பிறகு அதிக விலைக்கு ஆள் தேடுகிறார். கிடைத்தால் மிகுதி அவருக்கு; கிடைக்காவிட்டால் தவணையை நீட்டச் சொல்கிறார். அந்த நேரத்தில் அவர் உங்கள் புரோக்கர் அல்லர், உங்களிடம் குறைந்த விலைக்கு வாங்கப் பார்க்கும் எதிர்த்தரப்பு. அவருக்குக் கமிஷனும் கொடுத்தால் வேடிக்கைதான்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் வரும். தவணை முடிந்தாலும் அது தானாக மறையாது. இருவரும் சேர்ந்து ரத்துப் பத்திரம் எழுதினால்தான் போகும். எதிர்த்தரப்பு வர மறுத்தால் நீதிமன்றம்தான். அதுவரை புதிதாக வாங்க வருபவர் அந்த ஒரு வரியைப் பார்த்தே திரும்பிப் போய்விடுவார்.

ஒப்பந்தத்தை உண்மையில் வாங்கப் போகிறவரோடு மட்டும் போடுங்கள். தவணையைக் குறுக்கி, முன்பணத்தைக் கணிசமாகக் கேளுங்கள். மீதித் தொகை எந்தத் தேதிக்குள், தவறினால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும், ரத்துப் பத்திரத்தில் எத்தனை நாளில் கையெழுத்திட வேண்டும் என்பதை எழுதுங்கள். இந்தப் பத்தியை வரைவதற்கு மட்டுமே வழக்கறிஞரை வைத்தாலும் கொடுத்த பணம் தகும்.

நான் வளைகுடாவில் வேலை செய்கிறேன். ஊரில் யாருக்குப் பவர் கொடுப்பது?

புரோக்கருக்குக் கொடுக்காதீர்கள். கமிஷன் வாங்குபவரிடம் கையெழுத்து அதிகாரமும் போனால், விலையை முடிவு செய்வதும் பணத்தைப் பெறுவதும் அவரே ஆகிவிடுவார். மனைவி, பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள் இவர்களில் ஒருவருக்குக் கொடுங்கள். செலவும் குறைவு, குடும்பத்துக்கு வெளியே ஒருவருக்கு விற்பனை அதிகாரம் கொடுத்தால், 2023 ஜூலை முதல் பதிவுக் கட்டணமே சந்தை மதிப்பில் ஒரு சதவீதம்.

அங்கேயே இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெற்று அனுப்புங்கள். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்து முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். அந்தக் கவர் மேசை இழுப்பறையிலேயே கிடந்து மூன்று மாதம் தாண்டிப்போவது இங்கே சர்வ சாதாரணம்.

பவரில் எழுதும் வாசகம்தான் முக்கியம். "எனது எல்லாச் சொத்துகளும்" என்று எழுதாமல் இந்த ஒரு வீட்டின் சர்வே எண், பரப்பு, நான்கெல்லை மட்டும் எழுதுங்கள். கிரையத் தொகை முழுவதும் உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே வர வேண்டும் என்று சேருங்கள். பவர் ஏஜெண்டுக்குக் கையெழுத்திட அதிகாரம் உண்டு, பணம் பெற அதிகாரம் இல்லை என்று பிரித்து எழுதுவதில் எந்தத் தடையும் கிடையாது. தம்பிதானே என்று தயங்க வேண்டாம். தம்பிக்கும் அது பாதுகாப்பு. பின்னால் அவர் மீது யாரும் விரல் நீட்ட முடியாது.

கிரையத்தின்போது, பவர் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்பதற்கு முப்பது நாட்களுக்குள் பெற்ற சான்றைப் பதிவு அலுவலகத்தில் காட்ட வேண்டும். கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாகப் பவரும் அத்தோடு முடிந்தது.

பவர் எழுதிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டால் கிரையம் போலத்தானே?

இல்லை. சூரஜ் லேம்ப் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. பவர் மூலம் சொத்துரிமை மாறாது. பதிவு செய்த கிரையப் பத்திரம்தான் மாற்றும். அப்படி "விற்றவர்" பெயரிலேயே வீட்டு வரியும் வழக்கும் வந்துகொண்டிருக்கும்.

வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறது. விற்கலாமா?

விற்கலாம். வாங்குபவரிடம் மறைக்காதீர்கள். நிலுவைத் தொகைக்கு வங்கியிடம் கடிதம் வாங்கி, வாங்குபவரின் பணத்தில் ஒரு பகுதி நேராக அந்தக் கடன் கணக்குக்குப் போகும்படி ஒப்பந்தத்தில் எழுதலாம். கடன் முடிந்ததும் அசல் ஆவணங்களை 30 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. அடமானம் தீர்ந்ததற்கான ரசீதையும் பதிவு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் அடமானம் நின்றுகொண்டே இருக்கும்.

பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டி, மீதியை ரொக்கமாக வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

இதில் லாபம் முக்கியமாக வாங்குபவருக்கு. முத்திரைத் தீர்வை 5, மாற்றுத் தீர்வை 2, பதிவுக் கட்டணம் 2 என மொத்தம் 9 சதவீதத்தை வழக்கமாக அவர்தான் கட்டுகிறார். தொகை குறைந்தால் அவருடைய செலவு குறைகிறது. உங்களுக்கு வருவது தலைவலி. சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அபராதம் பெற்றவருக்குத்தான், கொடுத்தவருக்கு அல்ல. அந்த ரொக்கம் கடைசி நாளில் வராமல் போனால், அதைக் கேட்டு வழக்குப் போடவும் உங்களிடம் காகிதம் இருக்காது.

வரி எவ்வளவு? அதையும் வழக்கறிஞர் பார்ப்பாரா?

அதற்கு ஆடிட்டரிடம் போங்கள். தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்த வீட்டின் ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்து என்றால், இந்தியாவில் வசிப்பவர் பணவீக்கக் குறியீட்டோடு 20 சதவீதம் என்ற பழைய கணக்கில் வரி குறைந்தால் அதன்படி கட்டலாம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் ஒரு சதவீதம் பிடித்துக் கட்டுவார்.

வெளிநாட்டில் வசிப்பவர் விற்றால் கதை வேறு. 50 லட்ச வரம்பு கிடையாது. ஒரு சதவீதமும் கிடையாது. நீண்டகால ஆதாய விகிதத்திலேயே பிடிக்க வேண்டும், அதுவும் நடைமுறையில் முழு விலையின் மேல். உண்மையான ஆதாயம் குறைவு என்றால், குறைந்த விகிதத்தில் பிடிப்பதற்கான சான்றிதழை வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே வாங்க வேண்டும். இதை ஒப்பந்தம் போடும்போதே பேசாமல், பதிவு நாள் காலையில் கண்டுபிடித்துச் சண்டையிடுகிறார்கள்.

பதிவு நாளில் யார் வர வேண்டும்? பணம் எப்போது?

விற்பவர், வாங்குபவர், இரண்டு சாட்சிகள். எல்லோருக்கும் அடையாள அட்டை. புகைப்படமும் கைரேகையும் எடுப்பார்கள். புரோக்கர் வருவார், வராமல் இருக்க மாட்டார். வழக்கறிஞர் வருவது கட்டாயமில்லை. ஆனால் இறுதிப் பத்திரத்தை முந்தைய நாளே அவர் ஒருமுறை படித்திருக்க வேண்டும். அலுவலக வாசலில் நின்றுகொண்டு நான்கெல்லையைச் சரிபார்க்க முடியாது.

மீதித் தொகை வங்கி வரைவோலையாகவோ கணக்குக்கு மாற்றியோ வர வேண்டும். வரைவோலை என்றால் வழங்கிய கிளையில் உறுதி செய்துகொள்ளுங்கள். கணக்கு மாற்றம் என்றால் செய்தி வந்ததை மட்டும் நம்பாமல், கணக்கைத் திறந்து தொகை ஏறியிருப்பதைப் பார்த்த பிறகு பதிவாளர் முன் கையெழுத்திடுங்கள். "இன்னும் அரை மணி நேரத்தில் வந்துவிடும், டோக்கன் போய்விடும்" என்று அவசரப்படுத்துவார்கள். டோக்கன் போனால் நாளைக்கு இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம்.

விற்ற பிறகு எனக்கு என்ன வேலை?

கிரையப் பத்திரத்தின் நகலை வாங்கி வையுங்கள். வருமான வரிக் கணக்குக்கு வேண்டும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வந்த சொத்து என்றால் அன்றைய மதிப்பைக் காட்டி ஆதாயத்தைக் கணக்கிடலாம் என்பதால் பழைய ஆதாரத்தின் நகலும் தேவை. அசல்கள் வாங்குபவரிடம் போய்விடும், முன்பே நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மின் இணைப்பையும் வீட்டு வரியையும் தன் பெயருக்கு மாற்றுவது வாங்குபவரின் வேலை. ஆனால் மாற்றாமலே ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். சாவி கொடுக்கும் நாளன்று மின் மீட்டர் அளவைப் படம் எடுத்து, அன்றுவரைக்குமான வரி ரசீதோடு சேர்த்து வாங்குபவருக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டேன் என்று பதில் வாங்கிவிடுங்கள்.